சூரியனை அளந்த பலசரக்குக் கடைக்காரரின் மகன்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பஸ் வண்டி ஹல்துமுல்லையைத் தாண்டி மலையேறி பெரகல சந்தியை அடைகின்றபோது பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக மேலே செல்கின்றது. மற்றையது கொஸ்லாந்தை, வெல்லவாய பக்கமாகக் கீழே இறங்குகின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் கவ்வாத்து வெட்டிய பின்னர் தொழிலாளர்கள் வெண்ணிறத் தூளொன்றைத் தூவுவதை அவ்வழியே பயணம் செய்வோர் பலரும் கண்டிருப்பர். டொலமைட் எனப்படும் அத்தூள் கல்சியமும் மக்னீசியமும் அடங்கிய ஒருவகைச் சுண்ணக்கல்லாகும். மழையினாலும் தொடர்ந்து இடப்படும் உரத்தினாலும் மண்ணில் மிகுந்துவிடும் அமிலத்தன்மையைத் தணிப்பதற்காகவே அது தூவப்படுகின்றது.

அத்தூளில் உள்ள கல்சியம் அணு ஒவ்வொன்றும் தனது இலத்திரன்களில் இரண்டை இழந்து, அயனாக நிற்கின்றது. அதே கல்சியம் ஓர் இலத்திரனை மாத்திரம் இழந்த நிலையில், இங்கிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தொலைவிலுள்ள சூரியனின் மேற்படையிலும் பரவிக் கிடக்கின்றது. தேயிலைச் செடியின் அடியிலும் சூரியனின் விளிம்பிலும் ஒரே இயற்கை விதியே ஆட்சி செய்கின்றது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வங்காளத்தின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்த பேராசிரியர் மேகநாத சாகா ஆவார். அயன்களைப் பற்றிச் சாதாரண தரத்திலேயே படித்துவிடும் எமது மாணவர்கள் மத்தியில் அவரது பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. ஆகவே அவரது வாழ்வையும் பணியையும் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

அதற்கு முன்னர் அயன் என்பது யாதென்பதைச் சுருக்கமாக மீட்டுப் பார்ப்பது பொருத்தமானது. அணுவொன்றின் கருவிலே நேரேற்றம் கொண்ட புரோத்தன்கள் எத்தனை உள்ளனவோ, அத்தனை மறையேற்ற இலத்திரன்கள் அக்கருவைச் சூழ்ந்துள்ளன. ஆகவே அணு மொத்தத்தில் நடுநிலையானது. அது இலத்திரன் ஒன்றை இழக்குமாயின் நேரேற்றம் மிஞ்சி நேர் அயனாகின்றது. வெளியிலிருந்து ஒன்றைப் பெறுமாயின் மறை அயனாகின்றது. சோடியம் அணுவில் 11 இலத்திரன்கள் உண்டு. அவற்றுள் ஒன்றே ஒன்று வெளிச் சக்திமட்டத்தில் தனித்திருக்கின்றது. குளோரீனுக்கோ வெளிச் சக்திமட்டம் நிரம்புவதற்கு ஓர் இலத்திரன் குறைவாக உள்ளது. முன்னையது கொடுக்க, பின்னையது பெற, எமது சமையலறை உப்பு உருவாகின்றது.

சோடியம் தனது இலத்திரனை விருப்பத்தோடு வீசிவிடுகின்றது என்று வகுப்பறைகளில் எளிமையாகக் கூறப்படுவதுண்டு. உண்மை சற்று வேறானது. அந்த இலத்திரனைப் பிரித்தெடுப்பதற்குச் சக்தி செலவாகின்றது. குளோரீன் அதனை ஏற்கும்போது அச்செலவில் ஒரு பகுதியே மீளக் கிடைக்கின்றது. எதிரெதிர் ஏற்றம் கொண்ட அயன்கள் உப்புப் பளிங்கிலே ஒன்றையொன்று ஈர்த்து அடுங்கும்போது வெளிப்படும் சக்தியே மீதிக் கணக்கைத் தீர்த்து வைக்கின்றது. எந்த அணுவும் தன்னுடைய இயல்பினால் மாத்திரம் அயனாகிவிடுவதில்லை. அது இருக்கின்ற சூழலும் கணக்கிலே சேர்கின்றது. சாகாவின் பணியை விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒரு கருத்தை மனதிற் கொண்டாற் போதுமானது.

இலத்திரனை எளிதில் இழக்கும் சோடியம், பொற்றாசியம், ருபீடியம் முதலியவற்றைக் கார உலோகங்கள் என்கின்றோம். ஐரோப்பிய மொழிகளில் அவற்றுக்கு வழங்கும் அல்கலி என்ற அடைமொழி அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. செடிகளை எரித்துப் பெறும் சாம்பலை அச்சொல் குறித்தது. பொற்றாசியத்தின் குறியீடாகக் கே என்ற எழுத்து வழங்குவதற்குக் காரணமான காலியம் என்ற இலத்தீன் பெயரின் வேரும் அதுவே. சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்குமாகச் சாம்பலை ஆராய்ந்த பழைய அரபு இரசவாதிகளின் சொல், இன்றும் உலகெங்கும் மாணவர்களின் ஆவர்த்தன அட்டவணையில் நிலைத்திருக்கின்றது. அந்தக் கார உலோகங்களில் ஒன்றே பின்னாளில் சாகாவின் கொள்கைக்குச் சாட்சியாகவும் அமைந்தது.

மேகநாத சாகா 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி, இன்றைய பங்களாதேஷில் டாக்கா நகருக்கு அண்மித்த சியோராதலி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாகா சிறிய பலசரக்குக் கடையொன்றை நடத்தி வந்தார். எட்டுப் பிள்ளைகளில் மேகநாதர் ஐந்தாமவர். அவர்களது வணிகச் சமூகம் அக்கால வங்காளத்தின் சாதிப் படிநிலையிலே தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. இடியும் மழையுமான ஓர் இரவில் பிறந்தமையால் முகில்களின் தலைவனான இந்திரனைக் குறிக்கும் பெயர் குழந்தைக்குச் சூட்டப்பட்டதாகவும், வளர்ந்த பின்னர் அதனை இராவணனின் மகனான இந்திரசித்தின் பெயராக அவரே மாற்றிக்கொண்டதாகவும் கூறுவர். வங்காள மொழியிலே இரண்டும் வெவ்வேறாக ஒலிப்பவை. தமிழில் எழுதும்போதோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இராவணனின் பெயரை எல்ல நீர்வீழ்ச்சிக்கு இட்டு வழங்கும் ஊவா மக்களுக்கு இப்பெயர் அந்நியமானதல்ல.

கிராமத்தின் ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை நிறுத்திவிட்டு மகன் கடையிலே உதவியாக இருக்க வேண்டும் என்பதே தந்தையின் எண்ணம். அதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. அடுத்த பாடசாலை சிமுலியா என்ற ஊரிலே, நடந்து சென்று திரும்ப முடியாத தொலைவில் இருந்தது. விடுதிச் செலவுக்குக் குடும்பத்தில் வழியில்லை. இந்த நிலையில் மூத்த சகோதரரான ஜெயநாதர் சிமுலியாவில் வசித்த அனந்த குமார் தாஸ் என்ற வைத்தியரை அணுகினார். வைத்தியர் தமது வீட்டிலே சிறுவனுக்கு இலவசமாகத் தங்குமிடமும் உணவும் தர இணங்கினார். உண்ட பாத்திரத்தைச் சிறுவனே கழுவ வேண்டும், வீட்டுப் பசுவையும் பராமரிக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். முதலாவது நிபந்தனையில் அக்காலச் சாதி வழக்கம் ஒளிந்திருப்பதை நாம் காணலாம். ஆயினும் அந்த வீடு மாத்திரம் இல்லாது போயிருப்பின் மேகநாதரின் கல்வி அத்தோடு முடிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

சிமுலியாப் பாடசாலையில் இருந்து பரீட்சை எழுதிய அவர் டாக்கா மாவட்டத்திலேயே முதலிடம் பெற்று மாதம் 4 ரூபா புலமைப்பரிசிலுக்கு உரித்தானார். 1905ஆம் ஆண்டு டாக்கா கொலீஜியட் பாடசாலையிற் சேர்ந்தபோது, சணல் ஆலையில் மாதம் 20 ரூபா சம்பளம் பெற்ற ஜெயநாதர் அதிலிருந்து 5 ரூபாவை அனுப்பி வைத்தார். அவர்களது சமூகச் சங்கமொன்று 2 ரூபா வழங்கியது. இந்தப் பதினொரு ரூபாவிலேயே அம்மாணவனின் உணவும் உறைவிடமும் அடங்கின.

ஆனால் அதுவும் நீடிக்கவில்லை. வங்காளப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சி கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. ஆளுநர் பாடசாலைக்கு வருகை தந்தபோது எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்களோடு, வெறுங்காலுடன் நின்றமைக்காக மேகநாதரும் பாடசாலையை விட்டு நீக்கப்பட்டார். புலமைப்பரிசிலும் பறிபோனது. நல்வாய்ப்பாக, டாக்காவின் கிஷோரிலால் ஜூபிலி பாடசாலை அவரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டது. 1909ஆம் ஆண்டு பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையில் கிழக்கு வங்காள மாணவர்களில் முதலாவதாகத் தேறி அவர் தம்மைச் சேர்த்துக்கொண்டவர்களின் நம்பிக்கையைக் காப்பாற்றினார்.

1911ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவின் பிரசிடென்சிக் கல்லூரிக்குச் சென்றார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் சகமாணவர். 1913ஆம் ஆண்டின் இளமாணிப் பரீட்சையிலும் 1915ஆம் ஆண்டின் முதுமாணிப் பரீட்சையிலும் போஸ் முதலிடத்தையும் சாகா இரண்டாமிடத்தையும் பெற்றனர். அறிவிலே முன்னணியில் நின்ற அதே மாணவரோடு விடுதியில் ஒரே கூடத்திலே அமர்ந்து உண்பதற்கு உயர்சாதி மாணவர்கள் சிலர் மறுத்தனர். அந்த வடு அவரது மனதை விட்டு என்றும் அகலவில்லை. பிற்காலத்தில் சாதிக்கும் மூடநம்பிக்கைக்கும் எதிராக அவர் காட்டிய கடுமைக்கு அந்த விடுதி நாட்களும் ஒரு காரணம் எனலாம்.

அதே வகுப்பிலே ஞான சந்திர கோஷ் என்ற இன்னொரு மாணவரும் இருந்தார். நீரிலே கரைந்த உப்பில் அயன்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பது பற்றி 1918ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட கொள்கை ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தையும் ஈர்த்தது. பின்னர் 1923இல் டெபை, ஹியூக்கல் ஆகியோரின் கொள்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே வகுப்பறையிலிருந்து வந்த இருவருள் ஒருவர் கரைசலிலும் மற்றவர் விண்மீனிலும் அயன்களைத் தேடினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அரசாங்க நிதிச் சேவைப் பரீட்சைக்குத் தோற்றி உத்தியோகம் பெற வேண்டும் என்பதே சாகாவின் முதல் விருப்பம். குடும்பம் அவரது வருமானத்தை எதிர்பார்த்திருந்தது. புரட்சியாளர்களோடு தொடர்புடையவர் என்ற சந்தேகத்தினால் ஆங்கில அரசு அனுமதி மறுத்தது. அந்தக் கதவு மூடப்பட்டமையால் விஞ்ஞானம் இலாபமடைந்தது. 1916ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளரானார். கணிதம் படித்தவர் பௌதிகவியலைத் தாமே கற்று மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. போர்க்காலம் ஆதலால் வெளிநாட்டு நூல்கள் அரிதாகவே கிடைத்தன. ஜெர்மன் மொழியறிவு அவருக்குக் கைகொடுத்தது. அவரும் சத்யேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டு அதனை நூலாக வெளியிட்டது.

இக்காலத்திலேயே சூரிய ஒளியின் புதிர் அவரை ஆட்கொண்டது. சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியினூடாகச் செலுத்தினால் தோன்றும் நிறமாலையில் பல கருங்கோடுகள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு மூலகத்துக்கும் உரிய கோடுகள் தனித்தனியானவை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் கண்டறிந்திருந்தனர். ஆகவே கோடுகளைப் படித்தால் சூரியனில் எவையெவை உள்ளன என்று சொல்லிவிடலாம் என்று கருதப்பட்டது. ஆனால் சில விடயங்கள் பொருந்தவில்லை. ருபீடியம் போன்ற உலோகங்களின் கோடுகள் சூரிய ஒளியிலே காணப்படவில்லை. இலத்திரனை இழந்த கல்சியத்தின் கோடுகளோ, சூரியனின் மேற்பரப்புக்கு வெகு உயரத்தில் உள்ள மெல்லிய நிறமண்டலத்திலும் வலிமையாகத் தெரிந்தன. அயனாவதற்கு மிகுந்த வெப்பம் வேண்டுமெனில், மேலே போகப் போக அயன்கள் பெருகுவது எவ்வாறு?

ஜெர்மனியின் எகர்ட் என்பவர் விண்மீனின் உட்பகுதியில் அணுக்கள் இலத்திரனை இழப்பது பற்றி 1919ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையைச் சாகா படித்தார். இலத்திரன் பிரிவதை ஓர் இரசாயனத் தாக்கமாகவே கருதிக் கணக்கிடலாம் என்ற எண்ணம் அதிலே இருந்தது. சூளையில் வேகும் சுண்ணக்கல் சுட்ட சுண்ணாம்பாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிவது போன்று, கல்சியம் அணு கல்சியம் அயனாகவும் ஓர் இலத்திரனாகவும் பிரிகின்றது. சுண்ணாம்புச் சூளையில் எரிப்பதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது போன்றே, இங்கும் ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் அயனாக்கச் சக்தி உண்டு. இலத்திரன் வோல்ற்று என்ற அலகிலே அது ருபீடியத்துக்கு 4.2, சோடியத்துக்கு 5.1, கல்சியத்துக்கு 6.1, ஐதரசனுக்கு 13.6, ஈலியத்துக்கு 24.6 ஆகும். ஆய்வுகூடங்களில் அளக்கப்பட்ட இத்தகைய பெறுமானங்களைக் கணக்கிலே நேரடியாகச் சேர்க்க வேண்டும் என்பதை உணர்ந்தவர் சாகாவே.

அதைவிட முக்கியமானது அமுக்கத்தின் பங்கு. இலத்திரனை இழந்த அணு அப்படியே நின்றுவிடுவதில்லை. வழியிலே எதிர்ப்படும் வேறோர் இலத்திரனைப் பிடித்து மீண்டும் நடுநிலையடைய முயல்கின்றது. இழப்பும் மீட்பும் ஒருங்கே நடைபெறுகின்றன. நெரிசல் மிகுந்த பதுளை பஸ்ஸில் ஒருவர் எழுந்த ஆசனம் அடுத்த கணமே நிரம்பிவிடும். ஆட்கள் குறைந்த இரவு பஸ்ஸிலோ அது வெறுமையாகவே கிடக்கும். வாயு அடர்த்தியாக உள்ள இடத்தில் அயன் விரைவிலே ஓர் இலத்திரனைப் பெற்றுவிடுகின்றது. ஐதான இடத்தில் அந்த வாய்ப்பு அருகிவிடுகின்றது. சாகா முதலில் எழுதிய சமன்பாட்டின்படி, 6000 பாகை வெப்பநிலையில் எமது வளிமண்டல அமுக்கத்தின் அளவு இருந்தால் கல்சியம் அணுக்களில் நூற்றுக்கு 8 மாத்திரமே அயனாகும். அமுக்கம் நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தால் 60க்கு மேல் அயனாகும். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் ஏறத்தாழ 99 அயனாகிவிடும். சூரியனின் உயரத்திலே அயன்கள் பெருகியிருப்பதன் மர்மம் இவ்வாறு விடுபட்டது. வெப்பத்தை மட்டும் பார்த்தவர்கள் அமுக்கத்தைப் பார்க்கத் தவறியிருந்தனர்.

சூரிய நிறமண்டலத்தின் அயனாக்கம் பற்றிய இக்கட்டுரை 1920ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டனின் பிலோசோபிக்கல் மகசின் என்ற ஆய்வு இதழில் வெளியானது. அப்போது சாகாவுக்கு வயது 27. புலமைப்பரிசில்களின் துணையோடு லண்டன் சென்று அல்பிரட் பௌலரின் ஆய்வுகூடத்திலும், பின்னர் பெர்லினில் நேர்ன்ஸ்ட்டின் ஆய்வுகூடத்திலும் பணியாற்றி, தமது கொள்கையை விண்மீன்கள் அனைத்துக்கும் விரித்தார். ஹார்வர்ட் வானியலாளர்கள் கோடுகளின் தோற்றத்தைக் கொண்டு வரிசைப்படுத்தியிருந்த விண்மீன் வகைகள், உண்மையில் வெப்பநிலையின் வரிசையே என்பது இதனாற் தெளிவாயிற்று.

ருபீடியத்தின் கதை இன்னும் சுவையானது. இலத்திரனை மிக எளிதில் இழக்கும் அம்மூலகம் சூரியனின் பொதுவான மேற்பரப்பிலே பெரும்பாலும் அயனாகியே இருக்கும் என்று சாகா கூறினார். அயனான ருபீடியத்தின் கோடுகள் நாம் காணக்கூடிய ஒளியிலே விழுவதில்லை. ஆகவே அது இருந்தும் தெரியவில்லை. சற்றுக் குளிர்ந்த சூரியப் புள்ளிகளிலே தேடினால் கிடைக்கும் என்பது அவரது முன்னறிவிப்பு. அமெரிக்க வானியலாளர் ஹென்றி நொரிஸ் ரசல் சூரியப் புள்ளிகளின் நிறமாலையிலே தேடினார். ருபீடியத்தின் கோடுகளைக் கண்டார். இல்லை என்று எண்ணப்பட்ட பொருள் அங்கேயே இருந்தது. அதனைக் காட்டக்கூடிய நிலைமைதான் இல்லாதிருந்தது.

1925ஆம் ஆண்டு இளம் ஆய்வாளரான செசிலியா பெய்ன், சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்களில் உள்ள மூலகங்களின் அளவைக் கணக்கிட்டு, அவை பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். முதலில் அதனை ஏற்கத் தயங்கிய ரசலும் 1929ஆம் ஆண்டு அதுவே உண்மை என்று ஒப்புக்கொண்டார். சூரியன் எதனால் ஆனது என்ற கேள்விக்கு மனித குலம் பெற்ற முதற் சரியான விடையின் அடித்தளத்திலே சாகாவின் சமன்பாடு உள்ளது. தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையிலுள்ள வானாய்வு நிலையம் அயனான கல்சியத்தின் ஒளியிலேயே நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வந்துள்ளது. அப்படங்களில் தெரியும் ஒளியின் பொருளை அறிவதற்கும் அவரது கணக்கே திறவுகோலாகும்.

நாடு திரும்பிய சாகா 1923ஆம் ஆண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் அலகாபாத் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகப் பணியாற்றினார். கற்பித்தற் சுமை அதிகம், ஆய்வு வசதிகள் குறைவு. அந்நிலையிலும் ஒரு பௌதிகவியற் துறையை அவர் கட்டியெழுப்பினார். 1927ஆம் ஆண்டு லண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. நோபல் பரிசுக்கு அவரது பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு கிடைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவர் உருவாக்கி 1950ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட அணுக்கருப் பௌதிகவியல் நிறுவகம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வெள்ளத்தினால் மக்கள் அழிவதைச் சிறுவயது முதலே கண்டவர் அவர். மாணவப் பருவத்திலேயே தாமோதர் நதி வெள்ள நிவாரணப் பணியில் ஈடுபட்டார். பாதிக்கப்பட்டோருக்குச் சோறும் துணியும் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது, நதியை ஆராய்ந்து வெள்ளத்தைத் தடுக்கும் வழி காண வேண்டும் என்று அவர் ஓயாது எழுதினார். 1935ஆம் ஆண்டு அவர் தொடங்கிய விஞ்ஞானமும் பண்பாடும் பற்றிய ஆங்கிலச் சஞ்சிகை இதற்குக் களமாயிற்று. 1948ஆம் ஆண்டு தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனம் உருவானதில் அவரது எழுத்துக்குப் பங்குண்டு. பெரகலயிலிருந்து இறங்கும் பாதையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி லயன் குடியிருப்புகளை மண்சரிவு மூடிய துயரத்தை அறிந்த நாம், சாகாவின் இந்த நிலைப்பாட்டின் பெறுமதியை உணர வேண்டும். மலையும் நதியும் முன்கூட்டியே ஆராயப்பட வேண்டியவை. அவ்வாராய்ச்சியின் முடிவு அங்கு வாழும் மக்களைக் காப்பதற்குப் பயன்பட வேண்டியது.

1947ஆம் ஆண்டின் பிரிவினையில் அவர் பிறந்த கிராமம் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. இடம்பெயர்ந்து வந்தோரின் மறுவாழ்வுக்காக அவர் உழைத்தார். 1952ஆம் ஆண்டு கல்கத்தாவில் சுயேச்சையாகப் போட்டியிட்டு இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். அப்போது இந்தியாவிலே முப்பது அளவிலான நாட்காட்டிகள் வழக்கிலிருந்தன. பிறை பார்த்துக் கணிக்கும் ஹிஜ்ரி ஆண்டும் சித்திரைப் புத்தாண்டும் பௌர்ணமி தினங்களும் ஒரே தாளில் அச்சிடப்பட்ட நாட்காட்டியை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் எமக்கு அப்பணியின் சிக்கல் எளிதில் விளங்கும். குழுவின் சிபாரிசுப்படி இந்தியாவின் தேசிய நாட்காட்டி 1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி, புதுடில்லியில் திட்டமிடல் ஆணைக்குழுவின் அலுவலகத்தை நோக்கி நடந்து செல்கையிலே மாரடைப்பினால் வீதியில் விழுந்து காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

இவ்வாழ்வை இன்று நாம் நினைவுகூர்வதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டப் பாடசாலைகள் 1970களின் பின்னர் அரசாங்கத்தினால் பொறுப்பேற்கப்பட்டன. பதுளையில் 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. ஆனாலும் ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளில், தமிழ் மாணவராயினும் முஸ்லிம் மாணவராயினும், உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பதற்கு முயல்வோர் எதிர்நோக்கும் தடைகள் நீண்டகாலமானவை. ஆசிரியர் பற்றாக்குறை, ஆய்வுகூடக் குறை, மலையிறங்கி மலையேற வேண்டிய தூரம், வீட்டிலே படிப்பதற்கு ஒரு மூலைகூட இல்லாத லயன் அறை என்பன எவரும் அறியாதவையல்ல. இத்தடைகளுக்கு நடுவே பெறுபேறுகள் குறைகின்றபோது, இப்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் வராது என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் எம்மிடையே உண்டு. கல்வியதிகாரிகள் மாத்திரமன்றி, பெற்றோரும் ஏன் நாமும்கூட அத்தவற்றைச் செய்திருக்கின்றோம்.

ருபீடியத்தின் கோடுகள் தெரியவில்லை என்பதால் சூரியனிலே ருபீடியம் இல்லை என்று எண்ணியவர்கள் செய்த பிழையும் இதுவேயாகும். வெப்பநிலை என்ன, அமுக்கம் என்ன என்று கேட்காமல், தெரிவதை மாத்திரம் எண்ணினால் இருப்பதன் கணக்குத் தப்பாகிவிடும் என்பதையே சாகாவின் சமன்பாடு கூறுகின்றது. பிள்ளைகளின் திறமையைக் கணக்கிடுவோரும் முதலில் அவர்களின் நிலைமையைக் கணக்கிட வேண்டும்.

அந்நிலைமையை மாற்றுவதற்குப் பெருஞ்செல்வம்தான் வேண்டும் என்பதில்லை. சாகாவுக்குக் கிடைத்தவை ஒரு வைத்தியரின் வீட்டில் ஓர் இடம், அண்ணனின் சம்பளத்தில் 5 ரூபா, சங்கத்தின் 2 ரூபா, அரசின் 4 ரூபா, நீக்கப்பட்ட மாணவனைச் சேர்த்துக்கொண்ட ஒரு பாடசாலை என்பவை மாத்திரமே. பதுளை, பண்டாரவளை நகரங்களிலே தூரத்துத் தோட்டத்துப் பிள்ளையொன்றுக்கு உயர்தரம் முடியும்வரை தங்குமிடம் கொடுக்கக்கூடிய வீடுகள் எமது வர்த்தகர்களிடமும் உத்தியோகத்தர்களிடமும் உண்டு. ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் இரண்டொரு மாணவர்களின் விடுதிச் செலவைப் பொறுப்பேற்பது பாரமாகாது. வெளிநாடுகளில் வாழும் மலையகத்தவர்கள் தாம் படித்த பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கிக் கொடுக்கலாம். ஆசிரியர் நியமனம் அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது எமது அரசியல் தலைமைகளின் கடமை. ஆனால் வைத்தியர் அனந்த குமார் தாஸ் செய்தது போன்ற காரியத்துக்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. அடுத்த ஆண்டு உயர்தரத்துக்குச் செல்லவிருக்கும் பிள்ளையொன்று எமது அயலிலே இருக்கின்றதா என்று இன்றே விசாரித்துப் பார்த்தாற் போதும்.